அசையாத சில்லு

வத்தேகம,
14.09.2008

தம்பி விவேகானந்தனுக்கு,

மரியகொறற்றி அக்கா எழுதுவது. அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. நானும் பிள்ளைகளும் சுகம். ஸ்டூடியோவை இப்போது நான்தான் திறக்கிறேன். அடையாள அட்டைப் படத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். கலியாண வீட்டுக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. பொலிஸ் பிடித்த ஆளின் கடை அல்லவா. அப்பா எப்போது வருவார் என்று சின்னவள் கேட்டபடியே இருக்கிறாள்.

உன் அமலதாஸ் அண்ணனை இன்னும் விடவில்லை. நீ இரவல் வாங்கிய கமராவைத் திருப்பிக் கொடுத்தாயே, மறுநாள் ஆமியின் சென்றிக் காவலரணில் அதை வாங்கி, உள்ளே இருந்த படத்தைப் பார்த்துத்தான் அவரைப் பிடித்தார்கள். போன தவணையில் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து நீதிமன்றத்தில் காட்டினார்கள். ஆமி ட்ரக் வளைவில் வருகிறது. பின்னால் சென்றியின் மணல் மூட்டைகூடத் தெளிவாகத் தெரிகிறது. சில்லு சுற்றவில்லை, நட்டுகளை எண்ணலாம். பார்த்தவுடனே அது நீ எடுத்தது என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் உனக்கு என்ன சொல்லித் தந்தார்? ஷட்டரை மெதுவாக வை, ஓடுகிற வண்டியோடு கமராவையும் சேர்த்துத் திருப்பு, வண்டி தெளிவாக விழும், சில்லு சுற்றும், பின்னால் உள்ளதெல்லாம் கோடாகிப் போகும் என்றார். பன்வில பஸ்ஸை வைத்து எத்தனை சனிக்கிழமை பழக்கினார்! நீயோ பொறுமையில்லாமல் ஷட்டரை உச்சத்துக்கு ஏற்றுவாய். என்னடா தம்பி, ஓடுற பஸ்ஸுக்கு பிரேக் போட்டுட்டியே என்று சிரிப்பார். அவர் எடுத்திருந்தால் அந்த மூட்டைகள் படத்தில் தெரிந்தே இராது. பொலிஸுக்கு இது விளங்காது, உனக்கு விளங்கும். ஆனாலும் ஸ்டூடியோவுக்கு வந்துபோகிறவன் என்று பொலிஸ் உன்னை விசாரித்தபோது, கமராவும் அவருடையது, படமும் அவருடையது என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறினாய். என் கையால் சாப்பிட்ட பிள்ளை நீ.

பயத்தில் சொல்லிவிட்டாய் என்றுதான் இவ்வளவு நாளும் மனதைத் தேற்றினேன். போன கிழமை கண்டி மார்க்கெட்டில் உன் அம்மாவைக் கண்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. என்ர பிள்ளை ஆமி ட்ரக்கைப் படமெடுத்ததாலை பொலிஸ் தேடுதெண்டு சொல்லித்தான் கனடாவிலை இருக்க விட்டவை என்று சந்தோஷமாகச் சொன்னார். அங்கே அது உன் படம், இங்கே அவருடைய படமா? இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அங்கே சொன்னதையே எழுதிக் கையெழுத்து வைத்து எங்கள் லோயருக்கு அனுப்பு. அடுத்த தவணை ஒக்டோபர் கடைசியில்.

இன்னும் ஒன்று. நீ எடுத்த படம் என்று அண்ணனுக்கும் தெரியும். விசாரணையில் எவ்வளவோ கேட்டும் உன் பெயரை அவர் சொல்லவேயில்லை. பொடியன் பத்திரமான இடத்துக்குப் போகட்டும், அதுவரை நீயும் வாய் திறக்காதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் திறக்கவில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய், தம்பி.

மரியகொறற்றி