காலுக்குள் இருக்கும் முகவரி

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு வயதுக்காரியை இப்படி அழைப்பது சரியில்லைதான். வேறு பெயரில் உனக்கு எழுதிப் பழக்கமில்லை.

இந்தக் காலத்தில் காகிதக் கடிதமா என்று நினைப்பாய். பட்டறையின் மின்னஞ்சல் செத்துக் கிடக்கிறது. ஃபோனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

அப்பா தினமும் எட்டு மணிக்குப் பட்டறையில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். பிடிக்காத செய்தி என்றால் கூடுதல் மந்தம். செயற்கைக் கால்களின் குழிவு வார்க்கும் அடுப்பை மாற்றிவிட்டோம். நீ அன்று மாற்றச் சொன்ன அதே மாதிரிதான். நான் ஒப்புக்கொள்ள நான்கு ஆண்டு ஆயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையின் இணையப் பெயர் காலாவதியாகிவிட்டது.

எனக்கு அதைச் சொன்னவர் ஒரு பஸ் டிரைவர். ஆறு ஆண்டுக்கு முன் இடது கால் செய்துகொண்டாரே, உயரமானவர். மிச்சக் கால் நுழையும் குழிவு உரசிப் புண்ணாகியிருக்கிறது. காலைக் கழற்றி, உள்ளே அப்பா அச்சடித்த முகவரியைப் பார்த்து ஃபோனில் தட்டியிருக்கிறார். வந்ததெல்லாம் சூதாட்ட விளம்பரம். ஆறு மணி நேரம் பயணம் செய்து நேரிலேயே வந்துவிட்டார். "என்ன மேடம், காலை விட்டுட்டு சீட்டாட்டத்துல இறங்கிட்டீங்களா?" என்று கேட்டார். உங்கள் ஃபோனில்தான் கோளாறு இருக்கும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஃபோனை என்னிடம் நீட்டினார். அப்போதும் நம்பவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. நான் நம்பி விசாரிக்கத் தொடங்குவதற்குள் விளம்பரமும் போய், அந்த முகவரியில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அதன்பிறகு இதைப் படித்தேன். உனக்குத் தெரிந்ததுதான், நான் புரிந்துகொண்டது தவறென்றால் திருத்து. கணினிகளுக்கு எண்தான் முகவரி. நமக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் பெயர். .com, .in என்று ஒவ்வொரு வகைப் பெயருக்கும் ஒரே ஒரு மூலப் பட்டியல் உண்டு. அதில் நம் பெயரை ஏற்றித் தருபவர்கள் பதிவாளர்கள். யாரும் பெயரை விலைக்கு வாங்குவதில்லை, ஆண்டுக் கணக்கில் குத்தகைதான். கெடு முடிந்தால் கொஞ்ச நாள் சலுகை. அதுவும் போனால் முப்பது நாள் மீட்புக் காலம். பிறகு ஐந்து நாளில் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவார்கள். அடுத்த நொடி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்று மீட்புக் காலத்தில் பதினோராம் நாள்.

புதிய பெயர் ஒன்றை நானே பதிந்தும் பார்த்தேன். தேடினேன், ஆசைப்பட்டது கிடைக்கவில்லை, இன்னொரு சொல் சேர்த்ததும் கிடைத்தது. பெயர், முகவரி, ஃபோன், மின்னஞ்சல் கேட்டார்கள். பத்து நிமிட வேலை. மின்னஞ்சல் உண்மையா என்று சோதிக்க ஓர் இணைப்பு வரும். பதினைந்து நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். அதையும் மோசடி என்று இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தேன்.

புதிய பெயரைக் காட்டியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அச்சை மாத்திடலாம். நடந்து போன காலையெல்லாம் எப்படிம்மா திரும்பக் கூப்பிடுறது?" என்றார். அறுநூற்றுப் பதினான்கு கால்கள், வாலு. பதிவேட்டைப் பார்த்தேன். பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள், எண் மாற்றியிருப்பார்கள். நம்மிடம் வருவதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே வழி காலுக்குள் இருக்கிறது.

பழைய பெயரை மீட்கலாம் என்று பதிவாளரின் சேவை மையத்துக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். "பாஸ்வேர்டு மாத்துற லிங்க், பதிவான மெயிலுக்குத்தான் வரும் மேடம்." அந்த மெயிலே இந்தப் பெயரில்தானே ஓடுகிறது என்றேன். "அப்போ வராது மேடம்." பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. உரிமையாளர் யாரோ அவரே தம் அடையாள அட்டையுடன் பேச வேண்டுமாம். உரிமையாளர் நீ.

இனி எழுதப்போவது கொஞ்சம் கஷ்டம்.

பெயர் ஏன் காலாவதியானது தெரியுமா? தானாகப் புதுப்பிக்க நீ கொடுத்திருந்த வங்கி அட்டையின் கெடு முடிந்திருக்கிறது. பெயரின் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு பட்டறையின் மெயிலுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது, ஒரு வாரம் முன்பு இன்னொன்று. இரண்டையும் படித்தேன். இப்படிப் போலிக் கடிதங்கள் நிறைய வருமே என்று நானே மோசடிப் பெட்டியில் போட்டேன். வரவேற்பில் இருப்பவளிடம், "இதையெல்லாம் தொடாதே, பித்தலாட்டம்" என்று பாடமும் நடத்தினேன். மூன்றாவது எச்சரிக்கை செத்த மெயிலுக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. பழைய காகிதங்களைத் தேடியபோது என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு படிவம் கிடைத்தது. பதினோரு ஆண்டுக்கு முன் நீ கொண்டுவந்தது; பெயரைப் பட்டறையின் பேரில் பதிய என் கையெழுத்து கேட்டது. "படிக்காம எதுலயும் கையெழுத்து போட மாட்டேன், வச்சிட்டுப் போ" என்றேன். படிக்கவே இல்லை. நீ மூன்று வாரம் காத்திருந்தாய். "அக்கா, வேற யாராவது அந்தப் பேரை எடுத்துடுவாங்க" என்று இரண்டு முறை வந்து நின்றாய். அதன்பிறகுதான் உன் பேரில் பதிந்திருக்கிறாய். எச்சரிக்கை வந்தால் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று பட்டறையின் மெயிலையே கொடுத்தும் இருக்கிறாய்.

அதைத்தான் நான்கு ஆண்டுக்கு முன் எல்லோர் முன்னாலும், "முதல்ல பேரை எழுதி வாங்கிக்கிட்டே, அடுத்தது பட்டறையா?" என்று கேட்டேன். நீ சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். வைத்த மேசைக்குள்தான் அந்தப் படிவம் இருந்தது.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்து போட்டேன். இனி அது எதற்கும் செல்லாது என்று தெரியும். எங்கும் அனுப்புவதற்காக வைக்கவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடிதம் கிடைத்த அன்றே பதிவாளரிடம் பேசு. எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மீட்டெடுத்துப் புதுப்பித்துவிடு. தொடர்புக்கு உன் சொந்த மெயிலைக் கொடு, இரண்டாவதாக என்னுடையதை. இனி எச்சரிக்கை வந்தால் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் மோசடிப் பெட்டியில் போடுவேன்.

உரிமையை எனக்கு மாற்றித் தரும் எண்ணம் வந்தால் விட்டுவிடு. இந்தக் கடிதத்தை அதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயரே இருக்கட்டும். அதுதான் சரி. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் சாக்கில் நீ எங்களை நினைத்துக்கொள்ளலாம். நேரில் வந்து புதுப்பிக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

நேற்று ஒரு நீச்சல் பயிற்சியாளரின் கால் முடிந்தது. அப்பா பழைய அச்சையே எடுத்தார். அந்த முகவரி இப்போது உயிரோடு இல்லையே அப்பா என்றேன். காது கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். "அவ பார்த்துப்பா" என்று சொல்லி அழுத்திவிட்டார். நானும் தடுக்கவில்லை. பயிற்சியாளர் அந்தக் காலோடு இன்று காலை ஊருக்குப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன் அக்கா