டவுன்ஹாலின் பின்சுவர்

திண்டுக்கல்
12.2.1968

தம்பி மொக்கைச்சாமிக்கு அக்கா சுந்தரம்மாள் எழுதுவது. நலம் கேட்டு எழுதவில்லை.

அன்றைக்கு டவுன்ஹாலில் இருந்தவர்கள்: மணவறையில் என் மகள் சண்முகவள்ளி, மாப்பிள்ளை ராமர், சம்பந்தி வீட்டார், செம்பட்டிப் பெரியம்மா, பக்கத்து வீட்டு காதர் பீவி, வாசலில் பன்னீர்ச் செம்போடு உன் மச்சான். முன்வரிசையில் தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலி மட்டும் காலி.

உன் மகனுக்குப் பெண் கொடுக்காத கோபத்தில் நீ வரவில்லை என்றார்கள். பதினாலு வருசம் நானும் ஒரு வரி எழுதவில்லை. உன் மச்சான் செத்ததற்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

ஹாலை இடிக்கப் போகிறார்களாம். சுண்ணாம்பு ஈரம் காயுமுன் அங்கே நடந்த முதல் கல்யாணம் நம் வீட்டுக் கல்யாணம். அப்புறம் பேப்பர் படித்தார்கள், எலெக்சன் கூட்டம் போட்டார்கள், ரேஷன் அரிசி அளந்தார்கள். உத்தரம் கறையான் அரித்து இற்றுப்போய் இப்போது வவ்வால்தான் குடியிருக்கிறது. அதன் பின்சுவர்தான் என் வாசலுக்கு எதிரே. மகளும் புருசனோடு வடக்கே பிலாய்க்குப் போய்விட்டாள். நாள் பூராவும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன்.

அது விழுமுன் சொல்லு. ஏன்டா வரலை?

அக்கா


ஆயக்குடி
20.2.1968

அக்காவுக்கு வணக்கம்.

வந்தேன் அக்கா. பட்டும் கொய்யாக்கூடையுமாக வாசல்வரை வந்தேன். மச்சான்தான் மறித்தார். “பொண்ணு கேட்டுக் கெடைக்காதவன் கண்ணு மணவறையில படவேணாம். ஒங்கக்காவே ஒன்னைய வரவேணாம்னுட்டா, போயிரு” என்றார்.

நீ சொன்னாய் என்றதும் என் கால் உள்ளே போகவில்லை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் புளியமரத்துக்குப் பின்னால் மேளம் ஓயும்வரை நின்றேன். நீ வாசலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்தேன்.

பட்டு பெட்டியிலேயே இருக்கிறது. கொண்டுவந்து கொடுக்கலாமென்றால் கண் தெரியவில்லை. மகன்தான் இதை எழுதுகிறான்.

தம்பி
மொக்கைச்சாமி


திண்டுக்கல்
15.4.1968

என் தம்பி அப்பு,

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அன்றைக்கு நான் வாசலுக்கு வந்தது உன்னைத் தேடித்தான். “ஒந்தம்பியா? ஆளவே காணமே” என்று உன் மச்சான் சிரித்துக்கொண்டே என் கையிலும் பன்னீரைத் தெளித்தார்.

ஹாலை இடித்துவிட்டார்கள். இப்போது என் வாசலில் உட்கார்ந்தால் அந்தப் புளியமரம் நேரே தெரிகிறது. அடியில் யாரும் இல்லை.

எதையும் மறக்காத சண்டைக்காரி என்பாய். போகட்டும், உன்மேல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் விட்டாயிற்று. அவர் படத்துக்குப் பூப் போடுவதையும் விட்டாயிற்று. புருசன் பேரைச் சொல்லக்கூடாதென்று கட்டின நாளிலிருந்து வாயைத் திறந்ததில்லை. இன்றைக்கு அந்தப் பேரை எழுதுகிறேன். நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்தர்தான்.

நாச்சிமுத்து.