வண்டி ஏறியவர்கள்

ஆகஸ்ட் 18, திங்கள்

இலுப்பூரில் இன்று மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் மூன்று மணிக்குத்தான் வந்தது. வந்ததும் வராததுமாகக் கோயம்புத்தூரிலிருந்து போன். சந்தோஷ்குமார், எங்கள் விளையாட்டை வெளியிடப்போகிற கம்பெனியின் ஆள். "மேடம், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குத் தலைவலி நிச்சயம்.

'உப்பு வண்டி' என் வீட்டுக்காரர் கதை எழுதி, நான் கம்ப்யூட்டரில் கட்டிய விளையாட்டு. இவர் பள்ளிக்கூட வாத்தியார், நான் வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறவள். கிடைத்த நேரத்திலெல்லாம் செய்ததில் மூன்று வருடம் ஓடிவிட்டது. ஆடுகிறவர் செல்லாயி என்ற பெண்ணாக இருந்து, அவளுக்கு வருகிற ஒவ்வொரு நெருக்கடியிலும் ஒரு முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவின்படி கதை போகும்.

மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகிவிடுகிறார். விடிந்தால் கோட்டைக்கு உப்பு வண்டி கிளம்புகிறது. அதில் ஏறினால் அவளுக்குக் கணக்கர் வேலை. ஏறுவதா, அப்பாவுடன் இருப்பதா? கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்து ஆடச்சொல்லிப் பார்த்தார்களாம். பத்தில் ஏழு பேர் அப்பாவோடு இருந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கோட்டை அத்தியாயமே கிடையாது. திருமயம் கோட்டையை மூலைமுடுக்கு விடாமல் படம் பிடித்து, ஆள் வைத்து வரைந்த அத்தியாயம் அது. யாரும் பார்க்காததற்கா இவ்வளவு பாடு என்று சந்தோஷ் கேட்டார். கேட்டது நியாயம்தான்.

அதற்கு அவர் சொன்ன வழி, அச்சீவ்மென்ட். வண்டி ஏறினால் திரையின் மூலையில் ஒரு பதக்கம் மின்னி, டிங் என்று மணி அடிக்கும். எல்லாப் பதக்கமும் சேர்க்க வேண்டும் என்று ஆடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் அப்பாவை விட்டுவிட்டுக் கோட்டைக்குப் போவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19

இவரிடம் சொன்னேன். பிள்ளைகள் ஆடிய கணக்கைச் சொல்லவில்லை, பதக்கம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னேன். முதலில் ஒரேயடியாக வேண்டாம் என்றார். கதை படிக்கிறவனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் மிட்டாய் கொடுப்பார்களா என்று கேட்டார். நானும் விடவில்லை. இது புத்தகம் இல்லை, விளையாட்டு. ஜெயித்தேன் என்று ஒரு அடையாளம் ஆடுகிறவர்களுக்கு வேண்டும் என்றேன். சாப்பிட்டு முடிக்கிறவரை சண்டை. கடைசியில் பாதி இறங்கி வந்தார்.

"சண்ட ஜெயிச்சாக் குடு, ஆத்தக் கடந்தாக் குடு. அப்பாகிட்ட மட்டும் வேணாம் மெர்லின்."

சரிங்க என்றேன். சத்தியமெல்லாம் செய்யவில்லை. ஆனால் இந்த வீட்டில் 'சரிங்க' என்றால் அது சத்தியம்தான்.

செல்லாயி யாரென்று எனக்குத் தெரியும். ஆவூரில் மாமா, இவருடைய அப்பா, இழுத்துக்கொண்டு கிடந்தபோது இவர் முதல் பஸ் பிடித்து ஆசிரியர் தேர்வு எழுதத் திருச்சிக்குப் போனார். தேர்வு அறைக்கு வெளியிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுதி முடித்து வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் தேர்வில்தான் பாஸானார். இன்றைக்கு நாங்கள் சாப்பிடுவது அந்த வேலைச் சோறு. கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை இதைச் சொன்னார், அப்புறம் வாயே திறக்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று தன்னைப் பெண்ணாக மாற்றி எழுதியிருக்கிறார். நான் கண்டுபிடிக்க மாட்டேனா?

ஆகஸ்ட் 27

வண்டி ஏறுகிற இடத்தில் பதக்கத்தை வைத்துவிட்டேன். 'முதல் அடி' என்று பெயர் கொடுத்தேன். தான் எழுதியதை இவர் ஆடிப் பார்க்கிற ஆள் இல்லை, எப்படித் தெரியப்போகிறது?

செப்டம்பர் 13, சனி

நேற்று வெளியாகிவிட்டது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே போகிறது. காலையிலிருந்து சட்னி அரைக்கக்கூட எழுந்திருக்காமல், ஆடியவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கதை விளையாட்டில் பதக்கம் தேவையா என்று கீழே தனிப் பஞ்சாயத்து நடக்கிறது. ஒருவர் எழுதுகிறார்: அப்பாவை விட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கண்கலங்கி உட்கார்ந்திருந்தேன், டிங் என்று பதக்கம் வந்தது, சவப்பெட்டியை மூடும்போது யாருடைய போனிலோ குத்துப்பாட்டு அடித்த மாதிரி இருந்தது. இன்னொருவர் அவரை மறித்து எழுதுகிறார்: பதக்கம் இல்லையென்றால் கோட்டையை நான் பார்த்தே இருக்க மாட்டேன், ஒரு தடவை ஆடி மூடிவைத்திருப்பேன், திரும்ப ஆடவைத்ததே அதுதான். இரண்டும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நானே இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு பையன்: 'அந்த வண்டி ஏறுற சீனக் கேக்குறீங்களா? பதக்கத்துக்காக ஏறுனேன். வசனத்தையெல்லாம் தட்டித் தள்ளிட்டேன்.'

அந்த வசனத்தை இவர் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினார். அடித்து அடித்து எழுதினார். அந்தப் பையன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? தள்ளச் சொன்னவளே நான்தானே.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தார். திருத்தவில்லை. சிவப்புப் பேனாவை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் கேட்டார்.

"வண்டியில எத்தன பேரு ஏறுறாங்க?"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அதெல்லாம் பார்க்க முடியுமா என்றேன். முடியும் என்று நீதானே முன்பு சொன்னாய் என்றார். அப்புறம்தான் அதைச் சொன்னார்.

"அதத் தெரிஞ்சுக்கத்தான் நான் கதையே எழுதுனேன். என் எடத்துல இருந்தா மத்தவங்க என்ன செய்வாங்கன்னு. வேற யார்கிட்டப் போயிக் கேக்குறது?"

கை நின்றுவிட்டது. மூன்று வருடமாக இவர் கதை எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அங்கே பதக்கம் இருக்கிறது, அதனால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள் என்று ஒரு வாக்கியம். நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, கணக்கைச் சொன்னேன்.

"நூத்துக்கு எம்பது பேரு ஏறுறாங்க."

எண்பது என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 22

எண்பது என்பது பொய் இல்லை. திரையில் இருந்தது அதுதான்.

பொய்தான். பதக்கம் இல்லாதபோது பத்தில் ஏழு பேர் அப்பாவோடு இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

அக்டோபர் 5

இவர் மாறிக்கொண்டு வருகிறார். பாத்ரூமில் கோயில் பாட்டு கேட்கிறது. சொல்லாமலே போய் மீன் வாங்கி வருகிறார். நேற்று, அப்பா நண்டு வாங்கினால் பையை உதறிக் காட்டி எங்களைப் பயமுறுத்துவார் என்று அவராகவே ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமாவைப் பற்றி இவராக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்றால் சாமியாரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? 'சாமி, விளையாட்டில் ஒரு பதக்கம் வைத்துவிட்டேன்.' அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். கேட்பதற்கு இவ்வளவு சின்ன விஷயம். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நல்லது நடந்திருக்கிறதே, எதற்குக் கலைக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கெட்டிக்காரக் கேள்வி. எனக்குச் சாதகமாகவே பதில் வருகிறது.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

ஆவூர் போனோம். இவருடைய அக்கா அருள்ராணி மதினி முதல் நாளே கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் மாமாவை வைத்துப் பார்த்தவர் மதினிதான். ஃபாதர் மந்திரித்துவிட்டுப் போனதும், காற்றில் அணைகிற மெழுகுவர்த்திகளை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டு மூவரும் நின்றோம்.

இவர் சொல்லிவிட்டார். விளையாட்டு, செல்லாயி, வண்டி, எல்லாவற்றையும். முடிவாக, நூற்றுக்கு எண்பது பேர் வண்டி ஏறுகிறார்கள் அக்கா என்றார். பிள்ளைகள் மார்க் சொல்லும்போது நிற்பார்களே, அப்படி நின்றார்.

மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு இந்தக் கணக்கு என்பது போல என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, நீ போனத நான் என்னைக்காச்சும் ஒன்னயக் கேட்டேனா?"

"நீ கேட்டிருந்தா பரவால்லக்கா."

மதினி குனிந்து, உருகி வழிந்த மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் அந்த இடத்தில் நின்றிருக்கவே கூடாது. பொய்க் கணக்கைக் கொடுத்து, அதைக் கல்லறைவரை தூக்கி வர வைத்துவிட்டேன். அவரோட அப்பா முன்னாடி வச்சு. என்ன பொம்பள நான்?

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 3

சொல்லிட்டேன்.

ஸ்கூல் விட்டு வந்து டீ குடிக்கிற வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல. பிள்ளைங்க ஆடுனது, சந்தோஷ் கேட்டது, நான் வச்சது, எம்பதுன்னு சொன்னது. அழக்கூடாதுன்னு நெனச்சேன், அழுதேன். கத்துவார்னு பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

எண்பதைப் பற்றிக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். அதைக் கேட்கவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"அப்பாவ விட்டுட்டுப் போற எடத்துல மணி அடிக்குதா?"

அடிக்கிறது என்றேன்.

தலையை ஆட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார். வரும்போது, இல்லாத வீட்டுக்கு வாங்குவது போல, இருக்கிற தேங்காய் எண்ணெயையே இன்னொரு பாக்கெட் வாங்கி வந்திருந்தார்.

நவம்பர் 4

குழம்பு நல்லா இருக்கு என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

நவம்பர் 8, சனி

பதக்கத்தை எடுத்துவிட்டேன். மணியையும்தான். வண்டிச் சக்கரச் சத்தம் தவிர அந்த இடத்தில் இனி எதுவும் இல்லை.

சந்தோஷ்குமார் கூப்பிட்டுக் குதித்தார். வாங்கியவர்கள் எங்கள் பதக்கம் எங்கே என்று சண்டைக்கு வருவார்களாம், கோட்டைக்கு ஆள் வராதாம். வரட்டும், வராமல் போகட்டும், மற்ற பதக்கங்கள் அப்படியே இருக்கின்றன, அங்கே மட்டும் கிடையாது என்றேன். என் குரலைக் கேட்டு அவரே பயந்துவிட்டார் போலிருக்கிறது. "வீட்ல எல்லாரும் நல்லாருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

எடுத்துவிட்டேன் என்று இவரிடம் சொன்னேன். ம் என்றார். பாத்ரூமில் பாட்டு நின்றுபோய் ஒரு வாரமாகப்போகிறது. அந்த மனுஷனுக்குக் கிடைத்த கொஞ்ச நிம்மதியைக் கொடுத்தவளும் நான், பிடுங்கியவளும் நான்.

நவம்பர் 27

புதிதாக ஆடுகிறவர்களின் கணக்கு வர ஆரம்பித்திருக்கிறது. நினைத்தது போலத்தான். முக்கால்வாசிப் பேர் இருக்கிறார்கள். அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, கஞ்சி கொடுத்து, சாயந்திரம் அவர் கண்ணை மூடும்வரை இருக்கிறார்கள்.

இவர் கேட்கவில்லை. கேட்காதபோது நானாகச் சொல்வது எதில் சேர்த்தி? சொல்லாமல் விட்டால் மறுபடி அதே கதைதானே?

நவம்பர் 30, ஞாயிறு

சொன்னேன். நூறில் எழுபத்தைந்து பேர் இருக்கிறார்கள் என்றேன். எப்படியும் அப்படித்தான் இருக்கும் என்றார். அப்புறம் நான் துவைத்த துணியைத் தூக்க முடியாமல் தூக்கியபோது, வந்து வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, வேட்டியை மாற்றாமலே என் மேசை முன்னால் உட்கார்ந்தார். "அதப் போட்டுக் குடு" என்றார். எதை என்று கேட்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே திரை தெரியும்.

தன் கதையைத் தானே ஆடத் தெரியவில்லை இவருக்கு. செல்லாயி இரண்டு தடவை ஆற்றில் விழுந்தாள். மூன்றாம் அத்தியாயம் வருவதற்குள் நான் பருப்பு வேகவைத்து, மீன் கழுவி முடித்துவிட்டேன்.

அந்தக் கேள்வி வந்தது. இருக்கவா, ஏறவா. மௌஸின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருந்துவிடுவார் என்று நினைத்தேன். இருந்தால் மனசு ஆறும், விளையாட்டில்தானே என்று நினைத்தேன்.

வண்டியில் ஏறினார்.

சக்கரச் சத்தம் மட்டும்தான். செல்லாயி திரும்பிப் பார்க்க, வீடு சின்னதாகி, மரம் மறைத்து, காணாமல் போனது. எதுவும் மின்னவில்லை. கோட்டைக்குள் இவர் போகவே இல்லை, அங்கேயே நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாக் கட்டியிருக்க மெர்லின்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். அதற்குள் போனை எடுத்து ஆவூருக்குப் போட்டார். மதினி எடுத்ததும் சாப்பிட்டாயா, மழை உண்டா என்ற வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை.

"அக்கா, அன்னைக்கிக் காலையில நான் பஸ் ஏறப் போனப்புறம் அப்பா என்ன சொன்னாரு?"

நான் அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.