ஐந்து முறை திரும்பினால் நிறுத்து

சதாசிவ பேட்டை, புனே
9 ஜூலை 2004

காட்டில் இருக்கும் உங்களுக்கு, வீட்டில் இருக்கும் சுலபா எழுதுவது. நானும் மகள் ஈராவும் நலம். அந்த அருணாசல முகாமுக்குத் தபால் எப்போது வந்து சேருமோ, தெரியவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் பெட்டி நிறைந்துவிட்டதென்று அப்படியே திரும்பி வருகிறது. ஈராவுக்கு அவள் கேட்ட ஜூனியர் கல்லூரியிலேயே பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. முதலில் உங்களுக்குத்தான் எழுதினேன். அதுவும் திரும்பி வந்துவிட்டது.

உங்கள் மின்னஞ்சல் பறவைக் குழுவை நீங்கள் சொன்னபடியே பார்த்துக்கொள்கிறேன். காலையில் டீ குடித்ததும் கணினியைத் திறந்து, யார் யாருக்குப் போன கடிதம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறேன். புதிதாகச் சேர வருபவர்களைச் சேர்க்கிறேன், போதுமென்பவர்களை விடுவிக்கிறேன். "ஐந்து தடவை திரும்பி வந்தா நிறுத்திடு சுலபா, முகம் பார்க்காதே" என்று கிளம்பும்போது சொன்னீர்களே, நானும் பார்க்கவில்லை. உங்கள் அத்தை மகன் வசந்தராவையே நிறுத்திவிட்டேன்.

ஆனால் ரயில் ஏறின பிறகு ஜன்னல் வழியாக இன்னொன்றும் சொன்னீர்கள். "விருந்தாவை மட்டும் நிறுத்தாதே, அவ காலேஜ் மெயில் பெட்டி சின்னது. ஒரு போன் பண்ணிச் சொல்லு, காலி பண்ணிடுவா." நானூறு பேருக்கு ஒரு சட்டம், நாசிக்கில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் வெளியூர் போன். அன்று சிரித்தபடி தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வரை வயிறு எரிந்தது.

பழைய பதிவுகளையும் பார்த்தேன். எத்தனை முறை அவள் பெயர் நின்று, எத்தனை முறை உங்கள் கையால் மறுபடி சேர்ந்திருக்கிறது! குழுவில் இருவாட்சிப் பறவையின் கூட்டைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும், அதற்கு அவள் பக்கம் பக்கமாகப் பதில் போடுவதும் ஊரறிந்தது. எனக்கு வருவது "நலம், மழை, சாப்பிட்டேன்" மட்டும்தான். எனவே அவள் பெட்டி நிறைந்து கடிதங்கள் திரும்பத் தொடங்கியபோது நான் போன் செய்யவில்லை. ஐந்தாவது திரும்பியதும் நிறுத்தினேன்.

போன ஞாயிறு பாகர்வடிப் பலகாரப் பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். "வஹினி, என்னைத் தூக்கிட்டீங்களா? பத்து நாளா ஒரு குருவிகூட வரலை" என்று அண்ணி உறவு கொண்டாடினாள். "பெட்டியைக் காலி பண்ணாம வச்சிருந்தா குருவி எங்க வந்து உட்காரும்?" என்றேன். "சார் இருந்தா போன் பண்ணிச் சொல்வாரே" என்றாள். "சார் காட்டுல இருக்கார். இங்க நான்தான்" என்றேன். அவள் முகம் சிறுத்துப்போனது. பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது.

போகும்போதுதான் சொன்னாள். தான் எடுத்த ஒரு கூட்டின் படங்கள் ஆறேழு, பெரிது பெரிதாக, உங்கள் சொந்தப் பெட்டிக்கு அனுப்பினாளாம். அதற்குப் பிறகு அவள் எழுதியதும் திரும்பி வந்துவிட்டதாம். என் மகளின் நல்ல செய்தி உள்ளே போக முடியாமல் வாசலை அடைத்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. அவளுடையதும் திரும்பியது என்பதில் ஒரு அற்ப சந்தோஷம். அவள் போனதும் அதுவும் போய்விட்டது. உங்களிடமிருந்து யாருக்குமே ஒரு வார்த்தை இல்லையே என்ற பயம்தான் மிஞ்சியது. பாலம் உடைந்து ஊருக்குள் வர முடியவில்லையா? காய்ச்சலா? ஊருக்குள் வந்தவுடன் அங்குள்ள கணினிக் கடையில் உட்கார்ந்து பெட்டியைக் காலி செய்யுங்கள். படுக்குமுன் கம்பளியை உதறி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

அவளைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பாகர்வடிக்காக இல்லை.

குழுவிலிருந்து உங்களுக்குப் போகும் கடிதங்களும் இப்போது திரும்புகின்றன. உங்கள் சட்டப்படி உங்களை எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். தினமும் காலையில், திரும்பிய கடிதங்கள் ஐந்தைத் தொடும் முன்பே அந்த எண்ணிக்கையை அழித்து, பெயரைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அவளுக்காக நீங்கள் செய்த அதே வேலைதான். நீங்கள் ஏன் செய்தீர்கள் என்று எழுத வேண்டாம். நான் ஏன் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
சுலபா