ஓரக்கோட்டில் ஓடியவனுக்கு

மச்சான்,

இன்று காலை ட்ராமில் எனக்கு முன்னால் இருந்தவன் முழங்காலில் தைலம் பூசிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகிற கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகி நின்றது. நான் நகரவில்லை. கற்பூரத்தில் மிளகாயைக் கலந்தது போன்ற அந்த நெடி, கார்ல்ஸ்ரூஹேயில் எங்கள் வீட்டுக்கு நீ வந்த அன்று உன் பையோடு உள்ளே நுழைந்தது. "வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது அண்ணா" என்று நான் கட்டிய உன் தங்கை வசந்தி யன்னல்களைத் திறந்துவிட்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சண்டை என்னை ஜெர்மனிக்கும் உன்னை வட இங்கிலாந்தில் உன் மாமா வீட்டுக்கும் துரத்தியது. அந்தச் சுரங்க ஊரில் எல்லோரும் ஆடியது ரக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை மற்றவர்கள் மோதி வீழ்த்துவார்கள். உன் ஓட்டத்தைப் பார்த்து உன்னை மைதானத்தின் ஓரத்தில், விங்கராக நிறுத்தினார்கள். அதுவே உன் தொழிலானது. நீ அனுப்பிய பத்திரிகைப் படங்களை நான் வேலை செய்த கடையில் எல்லோருக்கும் காட்டுவேன். எந்தப் படத்திலும் உன் முகத்தில் எங்காவது ஒரு பிளாஸ்திரி இருக்கும். பகிடியாகத்தான் பார்த்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு உன் கழகம் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. வேகம் குறைந்துவிட்டதாம். அப்போதுதான் எங்களிடம் வந்தாய். வார நாட்களில் கிடங்கில் பெட்டி அடுக்கினாய். சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரில் பொழுதுபோக்காக ஆடிய ஒரு சிறிய அணிக்குப் பயிற்சி கொடுத்தாய், அவர்களோடு ஆடவும் செய்தாய்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாய்: "விங்கர் எண்டா ஓடுறவன் எண்டு நினைக்கிறாங்கள். இல்லை மச்சான். பந்தை உயர அடிச்சு விடுவாங்கள். அது கீழை வருமட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கவேணும். ஓடி வாறவனைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பந்து நழுவும். காலடிச் சத்தம் மட்டும் கேக்கும்."

வசந்தி கறிச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு வருடம் வலப்பக்கமாக ஒழுங்காகக் காரோட்டியவன், ஒரு மாலை கடை வாசலிலிருந்து இடப்பக்கத்துக்குத் திருப்பினாய். எதிரே வந்த லொறி அலறியது. வீட்டுக்கு வந்து, இங்கிலாந்துப் பழக்கம் போகவில்லை என்று சிரித்தோம். வெயில் நாட்களில் அறைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாய். தாளிக்கும் மணம் வந்தால் ஓங்காளித்தாய். ஒன்றும் பெரிதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நண்பர்களுக்குக் காட்டவென்று உன் பழைய வீடியோ கசெட்டைப் போட்டேன். மழை, சேறு, ஓரக்கோட்டை ஒட்டி நீ ஓடுகிறாய், மூன்று பேரைத் தாண்டி, கோட்டுக்கு அப்பால் பாய்ந்து பந்தைத் தரையில் பதிக்கிறாய். அரங்கமே எழும்பி நிற்கிறது. நண்பர்கள் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

"நல்லா ஓடுறான். ஆர் இவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாய்.

மறுநாள் வசந்தி உன் அறை வாசலில் போய் நின்றாள். "அண்ணா, உங்கடை தலையைக் காட்ட டெர்மின் எடுத்திட்டன். வெள்ளிக்கிழமை டொக்டரிட்டைப் போறம்." நரம்பு மருத்துவர் மெதுவாகத்தான் பேசினார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். தலையில் பட்ட பழைய அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இனி ஒரு அடியும் விழக்கூடாது. பயிற்சி கொடுக்கலாம், ஆடவே கூடாது. "ஓம்" என்று நல்ல பிள்ளை போலத் தலையாட்டினாய்.

கடைசி ஆட்டத்தன்று மைதானத்தில் பனிப்புகார் இறங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் உங்கள் விங்கர் கணுக்கால் சுளுக்கி வெளியே வந்தான். மாற்றாட்டக்காரர் இல்லை. நீ மேலங்கியைக் கழற்றினாய். உள்ளே ஜெர்சி போட்டிருந்தாய். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே போட்டிருக்கிறாய்.

நான் உன் கையைப் பிடித்தேன். "ஏலாது மச்சான். டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ?"

"அதை மறக்கேல்லை." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். "கிடங்கிலை எனக்கு ஒரு நம்பர். இஞ்சை பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள். கொஞ்ச நேரந்தான், விடு."

நடுவரிடம் ஓடி, இவனை ஆட விடாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினேன். அவர் உன்னைக் கேட்டார். நீ பெருவிரலை உயர்த்திக் காட்டினாய்.

எதிரணி பந்தை உயர அடித்தது. அது புகாருக்குள் போய் மறைந்தது. நீ தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். நான் காலடிச் சத்தத்தைக் கேட்டேன். பந்து இறங்கியது, பிடித்தாய். அதே நொடியில் ஓடி வந்தவன் மோதினான். பெரிய மோதல்கூட இல்லை. விழுந்தாய், உடனே எழுந்தாய், சிரித்தாய். எனக்கு மூச்சு வந்தது. நீ நிதானமாக நடந்துபோய் எதிரணி உட்கார்ந்திருந்த வாங்கில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்தாய். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரனிடம் தமிழில் கேட்டாய்: "தம்பி, தண்ணி இருக்கோ? பள்ளிக்கூடம் விட்டிட்டுதோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் உன்னிடம் வந்து சேருவதற்குள் நீ அவன் தோளில் சாய்ந்துவிட்டாய்.

மூளைக்குள் இரத்தக் கசிவு. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நீ கண் திறக்கவில்லை. "ஆடப்போறன் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று வசந்தி உன் காதருகே திரும்பத் திரும்பக் கேட்டாள். விளையாட்டுக்காரனின் இதயம், அது மட்டும் லேசில் நிற்கவில்லை. உன் அணிப் பொடியன்கள் ஜெர்சியோடு வந்து சுவரோரம் நின்றார்கள். எங்களைவிட அவர்கள் அதிகம் அழுதார்கள்.

நீ போன பிறகு பிறந்தவள் எங்கள் மகள். உன் கால்கள் அவளுக்கு. பள்ளியில் ஹேண்ட்பால் ஆடுகிறாள். போன மாதம் ஒரு ஆட்டத்தில் பின்பக்கமாக விழுந்து, தலை தரையில் இடித்தது. எழுந்து சிரித்தாள். பயிற்சியாளர் அவளைத் தொடரச் சொன்னார். நான் வெளிச் சப்பாத்தோடு களத்துக்குள் நடந்துபோய், எல்லோரும் பார்க்க அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மருத்துவமனையில் ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள்.

"என்னை எல்லாருக்கும் முன்னாலை அவமானப்படுத்திட்டீங்கள் அப்பா. நாங்கள் தோத்தது உங்களாலைதான். இனி மட்ச் பார்க்க வராதேங்கோ."

"பிள்ளை இவ்வளவு கத்துறாள், நீங்கள் பேசாமல் நிக்கிறியள்" என்றாள் வசந்தி.

"கத்தட்டும்" என்றேன்.

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன் மச்சான். எங்கே ஆடினாள், யாரோடு ஆடினாள், எத்தனை கோல் போட்டாள், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி ஏசினாள். ஒன்றையும் மறக்கவில்லை, ஒரு சொல்கூடப் பிசகவில்லை.