முதலாளிக்கு வந்த வால் அழுகல்

இன்று காலை குழாயைத் திறந்ததும் குப்பென்று மருந்து வாசம். டவுனுக்கு விடுகிற தண்ணீரில் மறுபடியும் குளோரினை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இந்தத் தண்ணி மனுசனுக்குப் பரவாயில்ல, மீனுக்கு ஆகாது" என்றிருப்பீர்கள். உங்களுக்கு எப்போதும் மனுசன் இரண்டாம் பட்சம்தான். கல்யாணம் முடித்து மாத்தளைக்கு வந்த முதல் வாரமே அது எனக்குத் தெரிந்துபோயிற்று. முன்னறையில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் மூன்று தங்கமீன்கள். அவற்றில் கொழுத்ததற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தீர்கள். கந்தோரில் வேலை முடிந்து வந்தால் முதலில் முதலாளியிடம்தான் நலம் விசாரிப்பு, பிறகுதான் என்னிடம்.

போர்க்காலத்தில் ஒரு நாள் பல்லேபொலப் பக்கம் ராணுவத்தார் உங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போய்விட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்ததுதான் குற்றம். உங்கள் அப்பா அங்கே வேலை பார்த்தபோது பிறந்தீர்கள். நடக்கப் பழகியதே மாத்தளையில்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது? விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். ஒரு வாரம் ஓடிவிட்டது. நான் சோறு தண்ணீர் இல்லாமல் கதவடியிலேயே கிடந்தேன். எல்கடுவத் தோட்டத்திலிருந்து சின்னம்மா துணைக்கு வந்திருந்தார்.

அவர்தான் முதலில் பார்த்தார். "அடியேய், இங்க வந்து பாரு. மீனுக்கு வாலெல்லாம் பிஞ்சு, ஓரமெல்லாம் வெள்ளையா இருக்கு. இது அம்மைதான்டி. ஆத்தா எறங்கியிருக்கா."

என் மூளை எங்கே போயிருந்ததோ, நானும் ஆமாம் என்றேன். கோயிலிலிருந்து வேப்பிலை கொண்டுவந்து தொட்டியில் போட்டோம். மஞ்சள் கரைத்து ஊற்றினோம். அம்மை போட்டவர்களைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் குளிப்பாட்டக் கூடாதல்லவா? அதனால் தொட்டித் தண்ணீரையும் மாற்றாமல் விட்டோம். நான்காம் நாள் இரண்டு மீன்கள் மல்லாந்து கிடந்தன. முதலாளி மட்டும் மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, வாலில் பாதியைக் காணோம். இதுவும் போய்விட்டால் நீங்களும் திரும்பி வரமாட்டீர்கள் என்று ஒரு பைத்தியக்காரப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் முகாமில் உங்களைப் பார்க்க விட்டார்கள். பத்து நிமிடம். காவலுக்கு நின்றவருக்கு விளங்க வேண்டும், அதனால் சிங்களத்தில்தான் பேச வேண்டும் என்றார்கள். தாடியும் கசங்கிய சட்டையுமாக வந்து நின்றீர்கள். அடித்தார்களா, சாப்பாடு தந்தார்களா என்று நான் வாயெடுப்பதற்குள், "மீனெல்லாம் எப்படி?" என்றீர்கள்.

ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. வேப்பிலை, மஞ்சள், செத்த இரண்டு மீன், எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள்! "மீனக் குளிப்பாட்டாம வெச்சியா? அடிப் பாவி!" பிறகு விரல் மடித்துச் சொன்னீர்கள். "அது அம்மையில்ல, செட்டை அழுகல். அழுக்குத் தண்ணியாலதான் வரும். எலையெல்லாம் எடுத்துப் போடு. தண்ணிய வாளியில புடிச்சு ஒரு நாள் வெய்யி, குளோரின் போகட்டும். தெனமும் மூணுல ஒரு பங்கு மாத்து. வாளிக்கு ஒரு கரண்டி கல்லுப்பு, கரைச்சு ஊத்து."

காவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மூணுல ஒரு பங்குன்னா என்ன? எந்த வாளி?" என்று குறுக்கே வந்தார். அவருக்கும் முதலிலிருந்து பொறுமையாக விளக்கினீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கரண்டின்னா சின்னதா, பெருசா?" என்று கேட்டார். நல்லவேளை கேட்டார், நான் சோற்றுக் கரண்டியால் அள்ளிப் போட்டிருப்பேன்.

அப்பப்பா, அந்த நாட்களில் நான் பட்ட பாடு! வாளி தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. "சாமி குத்தம் வந்துரும்டி" என்று சின்னம்மா பின்னாலேயே புலம்பிக்கொண்டு திரிந்தார். விடிந்தால் தண்ணீர் மாற்ற வேண்டும், நாளைக்கு வேண்டியதைப் பிடித்து வைக்க வேண்டும். கதவடியில் உட்கார நேரமில்லை. பசித்தது, சாப்பிட்டேன். ஒரு காலையில் அந்த மொட்டை வாலின் ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிசாகப் புதுச் செட்டை முளைத்திருந்தது. சின்னம்மாவும் நானும் தொட்டிக்கு முன்னால் கட்டிப்பிடித்து அழுதோம்.

அந்த வாரமே நீங்களும் வந்து சேர்ந்தீர்கள். தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். "கொஞ்சம் தெளிஞ்சிருக்க" என்றீர்கள்.

"ஓகோ, இப்பத்தான் நான் கண்ணுக்குத் தெரியிறேனா? அங்க முதலாளியத்தானே கேட்டீங்க?"

"அன்னைக்கு நீ வத்தலா வந்து நின்ன கோலத்தப் பாத்தேனே. ஒன்னப் பத்திக் கேட்டிருந்தா அழுதுகிட்டேதான் வீட்டுக்குப் போயிருப்ப. கையில ஒரு வேலை இருந்தாத்தான் ஒனக்குச் சோறு எறங்கும்."

அப்படி என்னை அறிந்து வைத்திருந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சாவு வீட்டில் எல்லோரும் என்னை உட்கார வைத்தே கொன்றார்கள். ஒன்றும் செய்யாதே, பேசாமல் இரு என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த கையோடு பலாபத்வலையில் ஒரு கடைக்குப் போய் ஒரு தங்கமீன் வாங்கிவந்தேன். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அதற்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். புருசன் பெயரைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருடம் என் வாயில் வராத பெயர். இப்போது தினமும் தீனி போடும்போது வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறேன்.