நெஞ்சுக்குள் அளந்த அழுத்தம்

என் மதிப்புக்குரிய கணவருக்கு உங்கள் மனைவி வணங்கி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நீங்களும் மகளும் சுகம்தானே? உங்கள் மூட்டுவலி தேவலையா?

நான் சமைக்கும் வீட்டில் மாடியேறினால் மூச்சு வாங்கியது. கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் சரியாகவே இருந்தது. வயசுதான் என்று நானே வைத்தியராகிவிட்டேன். வீட்டுக்கார அம்மா விடவில்லை; ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நெஞ்சு ஸ்கேனில் சந்தேகம் வந்ததால், கழுத்து வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அளந்தார்கள். அவ்வளவாக வலிக்கவில்லை.

"கையில பார்க்கறது வேற பிரஷர்மா. இது இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாயில இருக்கறது. சராசரி இருபதைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு நாற்பத்தெட்டு," என்றார் டாக்டரம்மா.

"வரவு ஜாஸ்தியானா நல்லதுதானே டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தைரியம் போனது.

மருந்து இருக்கிறதாம். பரீட்சை முடியும்வரை மகளிடம் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன். அதற்குள் மாடியறையில் இருக்கும் சாமி படங்களைக் கீழே இறக்கி மாட்டிவிடுங்கள். இத்தனை வருஷம் நான் ஏறிப்போய்க் கும்பிட்டேன். இனி அவர்கள் இறங்கி வரட்டும்.

பால் பொங்கப் பார்க்கிறது, எழுந்திருக்கிறேன்.

உங்கள் மனைவி